எலுமிச்சைக்கு நண்டுச் சட்டை

மாரியாத்தாளின் அருளுக்கு ஆலங்குடிப் பக்கம் விலை, திருவிழாவில் நூற்றெட்டு எலுமிச்சம்பழம் கோத்த மாலை. ஒரு பழத்தில்கூடச் சொறி இருக்கக் கூடாது. இருந்தால் ஆறாம் நாள் பூசையை ஏற்று நடத்தும் மண்டகப்படி உரிமை திலகவதி வீட்டிலிருந்து எதிர்த்தோப்பு ஆத்மநாதன் வீட்டுக்குக் கைமாறிவிடும். அவர் அதற்காகவே வேட்டியை வெளுத்து வைத்துக் காத்திருந்தார்.

திலகவதி தோப்பில் போன வருடம் பழத்துக்குப் பழம் பழுப்புச் சொறி. எல்லாம் பாக்டீரியா வேலை. அதனால்தான் பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் கேனும் கையுமாக வந்த கட்டுமாவடி ஷர்லியை உள்ளே விட்டாள். ஷர்லி கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள்.

“நானோ மருந்துக்கா.”

“நானோ நீயோ, யாரா இருந்தா என்ன? சொறி போகுமா?”

“வந்த சொறி போகாதுக்கா. புதுசா வர்ற பிஞ்சுல ஏறாம பாத்துக்கும். நண்டு ஓட்டுல எடுத்தது. கண்ணுக்கே தெரியாத பொடிசு. எலைக்கும் காய்க்கும் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கும்.”

“அம்புட்டுப் பொடிசுன்னா வெலையும் பொடிசாத்தானே இருக்கணும்?”

“வெலையே வேணாங்க்கா. பாதி மரத்துக்கு அடிக்கிறேன். மீதியச் சும்மா விடணும், ஒப்பிட்டுப் பாக்க.”

“பாதி மூஞ்சிக்கு மஞ்சப் பூசிக்கிட்டு எவடி கல்யாணத்துக்குப் போவா?”

பேரம் இழுபறியாகி ஒருவழியாகப் படிந்தது. கிணற்றுக்கு அங்கிட்டு மருந்து, இங்கிட்டு வெறும் தண்ணீர். இங்கிட்டுச் சொறி விழுந்தால் அந்தப் பழமெல்லாம் ஊறுகாயாகி ஷர்லி தலையில் கட்டப்படும். சந்தோஷத்தில் ஷர்லி, வேலிக்கு அந்தப்புறம் நின்ற ஆத்மநாதனுக்கும் நண்டு மகிமையை விளக்கிவிட்டுப் போனாள்.

திருவிழா வந்தது. அங்கிட்டு மரங்களில் நூற்றெட்டு என்ன, மூன்று மாலைக்கே பழம் தேறியது; இங்கிட்டு மறுபடியும் சொறி. ஆறாம் நாள் பூசாரி ஆண்டியப்பன் மாலைக்குக் கை நீட்டினார்.

“பூசாரி, தொடாதீங்க!” என்றார் ஆத்மநாதன். “அது நண்டு அடிச்ச பழம். காப்புக் கட்டுனதுலேருந்து ஊரே கவுச்சி தொடல. ஆத்தா கழுத்துல நண்டா?”

நண்டு கடித்தாற்போல் பூசாரி கையை இழுத்துக்கொண்டார். மண்டகப்படி போயே போய்விட்டது! அப்போதுதான் திலகவதி பூசாரியின் இன்னொரு கையைப் பார்த்தாள்.

“பூசாரியண்ணே, அது என்ன?”

“சங்கு.”

“எந்தத் தோட்டத்துல காய்ச்சுது?”

பூசாரி சங்கை அன்றுதான் பார்ப்பவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடல் நத்தைக் கூட்ட வாயில வச்சு ஊதலாம், நண்டு ஓடு பட்டு, கழுவி எடுத்த பழத்தப் போடக் கூடாதாக்கும்? ” ஆத்மநாதன் பக்கம் திரும்பினாள். “ஏன் சித்தப்பா, நீங்க ஆத்தாளுக்குக் குடுத்த முத்து மூக்குத்தி முருங்கை மரத்துல பறிச்சதா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரி சங்கை ஓங்கி ஊதினார். மாலையை எடுத்து ஆத்தாள் கழுத்தில் போட்டார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் திலகவதி கணக்கு முடித்தாள். ஆத்தாளுக்கு மாலை, கொடுத்தாயிற்று. ஷர்லிக்கு ஊறுகாய் இரண்டு ஜாடி, கொடுத்தாயிற்று. ஆத்மநாதனுக்கு, அவரே ரகசியமாகக் கேட்ட மருந்து ஒரு கேன், நண்டு என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்ற நிபந்தனையோடு, வாங்கித் தர வேண்டும். ஆத்தாளிடமிருந்து வர வேண்டியது, ஒரு நல்ல மழை மட்டும் பாக்கி.