குழாயடிக்குப் போகாத சொல்தா

சுனாமி வந்ததற்கு மறு வருஷத்து ஐப்பசி. பிடித்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாரம் பகுதியில் துர்கா குடியிருந்த வாடகை வீட்டின் பின்சுவர் அடியிலிருந்து நெஞ்சுயரம்வரை ஊறிக் கறுத்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் பிரான்சில் இருந்தார். சுவரைப் பற்றிச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அந்த மழையில்தான் சொல்தா முதன்முதலாக நடுங்கியது.

சொல்தா செவலை நிறத்து நாட்டு நாய். குட்டியாக வந்தபோதே வாசல் கேட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்து, சொல்தா மாதிரியே நிற்கிறதே என்றார். பட்டாளத்துக்காரர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தபோதும் காதை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்திருந்த நாய் அது.

சமையலறைக்குப் பின்னால் ஒரு படி இறங்கினால் மேலே ஓடு வேய்ந்த சின்னக் குழாயடி. அதற்கும் அப்பால் கொல்லை. குழாயடியின் மூலையில்தான் சொல்தாவுக்குச் சாக்கும் அலுமினியச் சட்டியும். அன்று காலை துர்கா சட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். நாய் வாய் வைத்தது. வைத்த மாத்திரத்தில் வெந்நீர் கொட்டினாற்போல வீல் என்று கத்திக்கொண்டு பின்னால் எகிறியது. சமையலறை வழியாக ஓடி முன்னறைக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. அவள் குனிந்து பார்த்தபோது அதன் விலாவெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வந்த வழியையே பார்த்தது.

தேளாக இருக்கும் என்று நினைத்துத் துர்கா சாக்கை உதறினாள். ஒன்றும் இல்லை. சட்டியைக் கழுவி வேறு தண்ணீர் வைத்தாள். நாய் சமையலறை வாசல்வரை வந்து, கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்து, முனகிக்கொண்டே பின்வாங்கியது. மறுநாளும் அப்படியேதான். பசித்தால் முன்னறையில் போடும் சோற்றைத் தின்றது. குழாயடிப் பக்கம் மட்டும் எட்டு வைக்க மறுத்தது.

அவள் கணவன் செல்வகுமார் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தான். அதிகாலையில் போனால் பொழுது சாயத்தான் வருவான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

"தண்ணியப் பாத்து பயப்படுதா?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். வெறிநாய் தண்ணீரைக் கண்டால் நடுங்கும் என்று துர்காவும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். வீட்டில் சரிதா தவழ ஆரம்பித்திருந்தாள். எட்டு மாதக் குழந்தை. சொல்தாவின் காதைப் பிடித்து இழுப்பதும், அதன் வாலை வாயில் வைப்பதுமாக அதனோடுதான் பகலெல்லாம் கிடக்கும். அன்றே துர்கா குழந்தையின் கை கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொசுக்கடி ஒவ்வொன்றும் பல் பட்ட தடமாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வேறு விதமாகச் சொன்னாள். போன வருஷம் கடல் வருவதற்கு முன்னால் நாய்களுக்குத் தெரிந்துவிட்டதாம், மீனவர் தெருவில் எல்லாம் மேட்டுக்கு ஓடிவிட்டனவாம். இதுவும் வீட்டின் பின்பக்கம் போக மறுக்கிறதென்றால், பின்பக்கம் கிழக்கு, கிழக்கே கடல். இதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். துர்கா வாயால் அதை மறுத்தாளே தவிர, நெஞ்சு மறுக்கவில்லை. சுனாமி முடிந்த சில நாளில் மறுபடியும் கடல் வருகிறது என்று எவனோ கத்தி, ஊரே ஓடியபோது, ஏழு மாத வயிற்றோடு அவளும் ஓடிக் காமராஜர் சாலையில் முழங்கால் கிழிய விழுந்தவள். ராஜாம்பாள் சொன்ன அன்றே ஒரு பையில் குழந்தைத் துணியும் பால் பவுடரும் எடுத்து வைத்துக் கட்டிலடியில் தள்ளினாள். கணவனிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு செல்வகுமார் நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். குழந்தையை ராஜாம்பாளிடம் விட்டுவிட்டுத் துர்காவும் கூடப் போனாள். இளவயது டாக்டரம்மா எட்ட நின்றே விவரம் கேட்டாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நாயின் முன் வைத்தாள். சொல்தா மூஞ்சியை உள்ளே விட்டுச் சளப் சளப்பென்று மக்கைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்பதுபோல் பார்த்தது.

வெறி மாதிரி தெரியவில்லை, இருந்தாலும் கொஞ்ச நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். ஊசி ஒன்று போட்டாள். கிளம்பும்போது துர்காவைப் பார்த்து, "இது தண்ணிக்குப் பயப்படலம்மா. உங்க வீட்டுல எதுக்கோ பயப்படுது. எந்த எடத்துல, எந்த நேரத்துலன்னு பாருங்க" என்றாள்.

வெறி இல்லை என்பது நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் துர்காவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்தியது. உங்க வீட்டுல எதுக்கோ. அப்படியானால் எதற்கு?

அதன்பிறகு வீடே அவளுக்குப் புதிதாகிவிட்டது. பகலில் கணவன் போனபின் குழாயடிக்கு அவள் மட்டும்தான் போக வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு, ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதே என்று அவள் அம்மா வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். தேய்க்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறாற்போல் இருக்கும். திரும்பினால் சமையலறை வாசலில் சொல்தாதான். கட்டியிருந்த கயிறு விறைக்க, எட்டின மட்டும் வந்து, அவள் காலடியையே பார்த்துக்கொண்டு நடுங்கும். அவள் மேலே ஏறி வந்ததும் அவள் பாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடும். அந்தப் பார்வைதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இந்த நாய்க்குத் தெரிந்திருக்கிறது. ஓடுகளுக்கு நடுவே பாம்பு இருக்குமோ என்று பார்த்தாள். குழாயடியில் சூடம் கொளுத்தினாள். ஒன்றும் மாறவில்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். செல்வகுமார் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கயிறு அவிழ்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. சரிதா தவழ்ந்து சமையலறைக்குள் போனாள். உறுமல் கேட்டு இருவரும் ஓடினார்கள். குழாயடிப் படியருகே குழந்தை. அதன் எதிரே சொல்தா மயிர் சிலிர்த்து, பல் தெரிய, குழந்தையைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.

செல்வகுமார் குழந்தையைத் தூக்கிய வேகத்தில் நாயை உதைத்தான். அது கத்தவில்லை. காலை மடக்கிக்கொண்டு மூலையில் ஒண்டியது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விட்டுவிடப்போவதாகச் சொன்னான். மீன் ஏலம் போடுகிற இடம், தலையும் வாலும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது துர்கா, அது கடிக்கவில்லையே என்றாள்.

"கடிச்சப்பறம் பேசலாமா?" என்றான் அவன். பிறகு குரல் இறங்கி, "எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் பயமா இருக்குது துர்கா" என்றான்.



வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. அதற்கு முன்பே கரண்டு போயிருந்தது. மழைக்காலத்தில் அது வழக்கந்தான். சரிதா முன்னறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஈரத்துணிகளையாவது கொல்லையில் போடலாம் என்று துர்கா வாளியோடு போனாள். இன்னும் ரெண்டு நாள்தானே என்று மனசு கேட்காமல், போகிற போக்கில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

இரண்டு துணி போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

சொல்தா குழாயடியில் இருந்தது. ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து இறங்கி வந்திருந்தது. தரையை முகர்ந்தது. சட்டியில் வாய் வைத்து நிறையக் குடித்தது. பிறகு தன் சாக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, முன்னங்காலில் முகத்தை வைத்துக் கண்ணை மூடியது. எத்தனை நாளுக்குப் பிறகு! துர்கா மூச்சைக்கூட மெல்ல விட்டாள். பயம் போய்விட்டது, கணவன் வந்ததும் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜாம்பாள் வீட்டில் திடீரென்று டிவி அலறியது. கரண்டு வந்துவிட்டது.

அதே நொடியில் சொல்தா வீலென்று கத்திக்கொண்டு சாக்கிலிருந்து துள்ளி, ஒரே பாய்ச்சலில் சமையலறைக்குள் விழுந்தது.

துர்காவின் கையிலிருந்த துணி நழுவியது. கரண்டு. சுவர், தரை, குழாய், சட்டி எல்லாவற்றிலும் அதுதான். நாய்க்கு வெறுங்கால். தனக்கு ரப்பர் செருப்பு. அவள் அதைச் சேர்த்துப் புரிந்துகொள்வதற்குள் சமையலறை வாசலில் சரிதாவின் தலை தெரிந்தது. நாய் போட்ட சத்தத்தில் விழித்துத் தவழ்ந்து வந்திருந்தாள்.

"சரிதா!" என்று கத்திவிட்டாள்.

அம்மாவின் குரலைக் கேட்டதும் குழந்தை முகம் மலர்ந்து இன்னும் வேகமாகத் தவழ்ந்தது. படியின் விளிம்புக்கு வந்து, ஒரு கையைக் கீழே ஈரத்தரையை நோக்கி நீட்டியது. துர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் வரும். கூப்பிடாவிட்டாலும் வரும். நடுவில் குழாயடித் தரை தண்ணீரில் பளபளத்தது.

சொல்தா குழந்தையின் எதிரே வந்து குறுக்கே நின்றது. ஈரத்தரையில் பட்டிருந்த அதன் பின்னங்கால் நிற்க முடியாமல் உதறியது. பல்லைக் காட்டி உறுமியது. குழந்தை கையை இழுத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கியது. அன்றைக்குப் பார்த்த அதே உறுமல்தான். இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது துர்காவுக்கு அது வேறாகத் தெரிந்தது.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரிலும் குழாயிலும் படாமல், நட்ட நடுவே கால் வைத்து நடந்தாள். ஓடினால் வழுக்கும், விழுந்தால் கை ஊன்ற வேண்டிவரும் என்று நடந்தாள். பாதி வழியில் செருப்பின் ஓரமாகத் தண்ணீர் தெறித்துக் குதிகாலில் பட்டது. ஊசியால் குத்தி இழுத்தாற்போல் முழங்கால்வரை விறுவிறுத்தது. நிற்காமல் படியேறி, ஒரு கையால் குழந்தையை வாரிக்கொண்டு முன்னறைக்குப் போய் மெயினை இறக்கினாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அழுதது. நாய் அவள் குதிகாலை விடாமல் நக்கியது.

அன்று சாயங்காலமே செல்வகுமார் எலக்ட்ரீஷியன் அரிகிருஷ்ணனைக் கூட்டிவந்தான். மெயினை ஏற்றிவிட்டுச் சுவரில் டெஸ்டரை வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. குழந்தைத் துணி காயவைக்கக் கொடி கட்டுவதற்காக, மழை தொடங்கியபோது செல்வகுமார் அந்தச் சுவரில் நீள ஆணி ஒன்று அடித்திருந்தான். உள்ளே போன பழைய ஒயரை அது கிழித்திருந்தது. சுவர் ஊற ஊறக் கரண்டு கசிந்து தரைக்கு இறங்கியிருக்கிறது. விடியற்காலை குழாயைத் தொட்டால் தனக்கும் கை சுருக்கென்றதாகச் செல்வகுமார் அப்போதுதான் சொன்னான். மிஷினில் நின்று நின்று நரம்பு மரத்துவிட்டது என்று நினைத்தானாம். ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தேங்காய்த்திட்டு என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை.

ஒயரை மாற்றியாகிவிட்டது. ஆனால் நாயிடம் அதை யார் சொல்வது?

சொல்தா குழாயடிக்கு வரவில்லை. செல்வகுமார் கழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அது சிறுநீர் விட்டுவிட்டது. துர்கா அவனைத் தடுத்தாள். சட்டியை மாற்றி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, முதலில் முன்னறையிலேயே வைத்தாள். பிறகு சமையலறை வாசலில். பிறகு அடுப்பு மேடைக்குக் கீழே. அது தயங்கிய இடத்தில் கிண்ணத்தை நிறுத்திவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கூப்பிடவில்லை, தடவவில்லை. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டாள்.

படிவரை வந்தது. அதற்குக் கீழே வரவில்லை. தான் இறங்கிப்போய் உட்கார்ந்தால் வருமோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் உடம்பு கூசியது. ஒயர் புதுசு, எல்லாம் சரி என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். இருந்தாலும் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது அவள் இன்னமும் புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நாயை இறங்கு என்று சொல்லத் தனக்கென்ன யோக்கியதை என்று அவளுக்கே பட்டது.

ஒரு நண்பகல், குழந்தை தூங்கியபின், செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தை ஈரத்தரையில் வைத்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்தது, அவ்வளவுதான். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

படியின்மேல் நின்று சொல்தா அவளையே பார்த்தது. முனகியது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. முன்னங்காலைக் கீழே வைத்து உடனே எடுத்துக்கொண்டது. பிறகு வைத்தது, எடுக்கவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, காதைப் பின்னால் மடித்து, ஓடுவதற்குத் தயாராகவே ஊர்ந்து வந்து அவள் தொடையில் ஒட்டி நின்றது. அதன் நடுக்கம் அவளுக்குள் இறங்கியது. அவள் கை நீட்டவில்லை.

சொல்தா கழுத்தை நீட்டிக் கிண்ணத்தில் நாக்கை வைத்தது. அது குடித்து முடிக்கும்வரை துர்கா அசையாமல் இருந்தாள்.