இணைப்பில்லாத பொத்தான்

இயந்திரத்தின் கன்ட்ரோல் பெட்டி மூடியை அக்கா கழற்றினாள். முடிவெட்டும் கடையின் தரையைக் கூட்டி அள்ளிப் போட்டாற்போல் இருந்தது வயரிங். ஒரே திருகின் கீழ் மூன்று வயர்களைத் திணித்திருந்தான் தங்கையின் கணவன். டேப் உருகி விரலில் பிசுபிசுத்தது. பவர் சப்ளையின் விசிறியில் மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தது. அதில் ஒரு கரப்பான் செத்துக் காய்ந்திருந்தது. எர்த் வயரை வெட்டி, சுருட்டி, ஓரமாகச் செருகியிருந்தான்.

அவனைத் தெருவில் விஞ்ஞானி என்பார்கள். வீடியோ பார்த்தே பின்னறையில் ஒரு சி.என்.சி. ரவுட்டர் கட்டிவிட்டான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகையில் பூ வெட்டும் இயந்திரம். நகர்த்த மூன்று மோட்டார்கள், ஒவ்வொன்றையும் இயக்க டிரைவர் என்று ஒரு போர்டு. சுழன்று வெட்டுவதற்குத் தனியாக ஒரு பெரிய மோட்டார். நாளை முதல் அவனுக்குப் பகல் ஷிஃப்ட். தங்கைதான் தனியாக ஓட்ட வேண்டும். வெட்டு சில சமயம் கோணிப் போகிறது, சும்மா ஒரு பார்வை பாருங்கள் என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தான். அவள் இருபது வருடமாகத் தொழிற்சாலைகளுக்கு கன்ட்ரோல் பேனல் வயரிங் செய்கிறவள்.

எர்த் இருந்தால் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால் எடுத்துவிட்டேன் என்றான். கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற குரல். அக்கா ஓடவிடச் சொன்னாள். கட்டர் மரத்தில் இறங்கியது. ஒரு டிரைவர் சூடாகி வாடை கிளம்பியதும், மேசை ஓரத்திலிருந்த, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

கட்டர் தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போனது.

அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். பொத்தானைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு வயரும் இல்லை. அந்த வயர் போய்ச் சேர வேண்டிய இடத்தில், போர்டின் இரண்டு முனைகளை ஒரு ஜெம் கிளிப் இணைத்திருந்தது. யாரும் பொத்தானை அமுக்கவில்லை என்று இயந்திரத்தை என்றைக்கும் நம்பவைக்க அது போதும்.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்க்கா. மெஷின் தானா நின்னு நின்னு உயிர வாங்குச்சு" என்றான் அவன்.

நிற்கத்தான் செய்யும். பெரிய மோட்டாரின் தடித்த கேபிளையும் பொத்தானின் மெல்லிய வயரையும் ஒரே கட்டாகக் கட்டினால், அதன் மின் இரைச்சல் இதில் ஏறி, பொத்தான் அமுங்கியதாக இயந்திரத்தை ஏமாற்றும். பிரித்துக் கட்ட அரை மணி நேரம் ஆகும். கிளிப் செருக அரை நிமிடம். அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இதில் நாளை தங்கை தனியாகக் கை வைக்க வேண்டும். அக்கா வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்றிருந்த தங்கை குறுக்கே வந்தாள்.

"அவரத் திட்டாதக்கா. நான்தான் எடுக்கச் சொன்னேன். நடுவுல நின்னா பலகை பாழாகுது."

அக்காவின் கோபம் போக இடமில்லாமல் நின்றது. அருவருப்பு மட்டும் இரண்டு பேருக்குமாகப் பெருகியது.

பெட்டியிலிருந்த அத்தனையையும் உருவித் தரையில் போட்டாள். தடித்த கேபிளைத் தனி வழியில் இழுத்தாள். எர்த் வயரின் முனையைச் சுரண்டித் திருகில் முறுக்கினாள். மெயினை விழவைத்த கரன்ட் கசிவையும் தேடி அடைத்தாள். காரில் கிடந்த கான்டாக்டரை, கரன்டை மொத்தமாகத் துண்டிக்கும் அந்தக் கனமான சுவிட்சைக் கொண்டுவந்து, பொத்தானை அமுக்கினால் மோட்டார்களுக்கே கரன்ட் போகாதபடி செய்தாள். விஞ்ஞானி டீ வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டான். அவன் கொடுத்த தம்ளரைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் பூ வெட்டு மறுபடி ஓடியது. அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"அமுக்கு."

"பாதி வெட்டியாச்சேக்கா. பழைய பலகையில பாக்கலாமே."

"இதுலதான்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். எல்லாம் நின்றது. இதழின் நடுவில் கட்டர் கருகலாக ஒரு தடம் விட்டிருந்தது. பலகை போச்சு என்றான் அவன். தங்கை உடனே குனிந்து, கட்டரின் அடியிலேயே விரலை நுழைத்து அந்தக் கருப்பைச் சுரண்டத் தொடங்கினாள். வெகு நாள் பழக்கம்போல.

அந்தப் பொத்தான் ஒருமுறை அமுங்கினால், யாராவது திருகி விடுவிக்கும்வரை தானாக எழாது. அக்காவுக்கு அது தெரியும். ஆனாலும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தியபடியே நின்றாள், தங்கை சுரண்டி முடிக்கும் வரை.