ஏழாம் அத்தியாயத்துக்கு நான்கு நிமிடம்

ஒரு பெட்டிக்கு நூறு கையுறைகள். மங்களத்தின் விரல்களுக்கு எண்ணிக்கை தெரியும். அதனால் கண்கள் சுவர்க்கடிகாரத்தில் இருந்தன. ஆறரைக்கு மணி அடித்ததும் முகமூடியைக்கூடக் கழற்றாமல் நடந்தாள். ஜெலாப்பாங்கில் இருந்த அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் மாலை இடைவேளை இருபது நிமிடம். மற்றவர்கள் கான்டீன் பக்கம் போனார்கள். அவள் லாக்கர் அறைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, லாக்கருக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து மகளை அழைத்தாள்.

"லோஷினி, படி."

"சாப்டியாம்மா?"

"அப்புறம் சாப்டுறேன். நீ படி. ஏழாவதுதானே?"

மகள் படிக்க ஆரம்பித்தாள். எங்கோ ஒரு குளிர்நாட்டில், ஆறு உறைவதற்குள் கடைசிப் பயணிகளை அக்கரை சேர்க்கப் படகோட்டும் ஒரு சிறுமியின் கதை. தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். பெயர்கள் வாயில் நுழையாதவை. லோஷினி ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்கிப் படித்தாள்.

"ஆத்துல ஐஸ்னா, நம்ம கடையில சீவிக் குடுக்கற ஐஸ் கச்சாங் மாதிரியாம்மா?"

"இனிப்புச் சீரா ஊத்தாத ஐஸ் கச்சாங். நிறுத்தாத, படி."

ஆறு ஐம்பதுக்கு மணி அடித்தது. கதையில் அப்போதுதான் கயிறு அறுந்திருந்தது. சிறுமியின் அப்பா பனிப்பாளத்தின் மேல் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு பக்கந்தாம்மா."

மங்களம் எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

நான்கு நிமிடம் தாமதமாக அவள் திரும்பியபோது, சூப்பர்வைசர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இந்த மாதத்தில் மூன்றாவது முறை.

பக்கத்து மேசையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த கருப்பம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "என்னாடி, பரீட்ச ஒனக்கா ஒம் மவளுக்கா?"

"புள்ள கத படிச்சிச்சுக்கா."

"கதயா? இந்த மாசம் ஒனக்குக் கொன்ட்ராக் முடியுதுல்ல? மூணு தடவ பேரு எழுதியாச்சுன்னா புதுசாக் கையெழுத்து வாங்க மாட்டானுங்க. அப்புறம் கதயத்தான் ஒலயில போடணும்."

மங்களம் அடுத்த பெட்டியை இழுத்தாள். கருப்பம்மாள் சொன்னது உண்மைதான்.

லோஷினியின் பள்ளிக்கூடம் முன்பு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்தை விற்ற பிறகு, குனோங் ராபாட் பக்கம் வரிசை வீடுகளுக்கு நடுவே கட்டடம் கட்டி மாற்றினார்கள். லோஷினியின் நான்காம் ஆண்டு வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகள். குமுதா டீச்சர் வருவதற்கு முன்பு அவர்கள் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்தார்கள். 'நான் ஒரு குடை' என்பதை லோஷினி நின்றபடியே ஒப்பிப்பாள். குடையைப் பற்றி வேறு எதையாவது கேட்டால் விழிப்பாள்.

டீச்சர் மாதிரிகளை நிறுத்தினார். ஒரே கதைப்புத்தகத்தில் ஆறு பிரதிகள் வாங்கினார். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பிரதி. முறை வரும் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஓர் அத்தியாயத்தை வீட்டில் யாராவது ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மறுநாள் வகுப்பில் தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை, எதையும் விடக்கூடாது.

பெற்றோர் கூட்டத்தில் முதலில் சண்டைக்கு நின்றவளே மங்களம்தான். "முழு புக்கும் படிச்சி முடிக்கறதுக்குள்ள பரீட்ச வந்துரும்லா டீச்சர்?"

"வரட்டும்மா. கதையில வர்ற ஒரு ஆளு கூட கடைசி வர போய் வந்த புள்ளைக்கு எழுதறதுக்கு எதாச்சும் இருக்கும்."

கணவன் கார்த்திகேசு லாரி ஓட்டுபவன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். மங்களத்துக்கு மூன்றிலிருந்து பதினொன்று வரை வேலை. பக்கத்து வீட்டுக் கலாதேவிதான் மாலையில் மகளைப் பார்த்துக்கொண்டாள், கதை கேட்கவும் தயாராகத்தான் இருந்தாள். "அந்தக்கா டீவி பாத்துக்கிட்டே கேக்கறாங்கம்மா" என்று லோஷினி அழுதுவிட்டாள். அதனால் முறை வரும் நாளில், இடைவேளையில் மங்களமே கைப்பேசியில் கேட்டாள்.

தாமதமாகப் போனதற்கு மறுநாள், அலுவலகத்தில் குமாஸ்தா ஷாஃபி விளக்கம் எழுதும் பாரத்தை நீட்டினான். கூடவே பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாளையும் வைத்தான். விளக்கம் கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மலாயில் மூன்று வரி. கவனக்குறைவாக இருந்துவிட்டேன், தவறை ஒப்புக்கொள்கிறேன், இனி நடக்காது.

"இதப் பாத்து எழுதிக் குடுத்துருங்கக்கா. எல்லாரும் அப்படித்தான்."

"நான் கவனக்குறைவா இல்லையே தம்பி. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

ஷாஃபி சிரித்துவிட்டான். "அத எழுதிறாதீங்கக்கா."

அவள் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளுடன் உட்கார்ந்தாள். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். மலாய் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. தேதியைப் போட்டாள். பிறகு பேனா நகரவில்லை.

"என்ன நடந்துச்சோ அத மொதல்லேர்ந்து எழுதும்மா" என்றாள் லோஷினி. "எங்க உக்காந்திருந்த, என்னா சத்தம் கேட்டுச்சு, எல்லாம். படிக்கிறவங்க அங்கேயே நிக்கணும்னு டீச்சர் சொல்வாங்க."

"ஒங்க டீச்சர் எனக்கும் பாடம் எடுக்கறாங்களா?"

"எழுதும்மா, நான் பாக்கல."

மாலைக்குள் ஒரு பக்கம் மட்டும் எழுதிய இரண்டு தாள்கள் நிறைந்தன. லாக்கருக்குப் பின்னால் இருந்த குளிர்ந்த தரை, முகமூடிக்குள் வேர்வை, அறுந்த கயிறு, பனியில் நின்ற அப்பா, மணி அடித்தும் எழாத தான். நான்கு நிமிடத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள். நான்கு நாளுக்கு ஒருமுறை, மகளின் முறை வரும் நாளில் மட்டும், அந்த இருபது நிமிடத்தை எப்படியாவது கொஞ்சம் முன்பின் மாற்றிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் டீச்சரிடம் காட்டினாள். குமுதா வெயிலில் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னாலதானே மா இதெல்லாம்? நான் அவளுக்கு முறைய மாத்திக் குடுத்திருப்பேனே."

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். இத்தன வருஷமா ஸ்கூல்ல என்னா நடந்துச்சுன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவா. இப்ப அவ பேச்ச நிறுத்த முடியல." மங்களத்தின் குரல் இறங்கியது. "நானே இப்படி எழுதுவேன்னு எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி டீச்சர். அதச் சொல்லத்தான் வந்தேன்."

டீச்சர் தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு எழுத்தும் மாத்தாதீங்க" என்றார்.

அன்று மதியம் ஷாஃபி இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தான். நடுவில் ஒருமுறை தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. பிறகு தாள்களைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனான். சீக்கிரமே வெறுங்கையுடன் வந்தான்.

"பாரத்துல மூணு வரிக்குத்தான் இடம் இருக்காம். இதப் படிக்க நேரமில்லையாம். அதப் பாத்து எழுதித் தந்தாத்தான் கொன்ட்ராக் பத்திப் பேசுவாராம்." பிளாஸ்டிக் உறையிட்ட தாளை அவள் பக்கம் நகர்த்தினான். "சாரிக்கா."

மங்களம் எழுதினாள். எழுத்து குண்டு குண்டாக, கோணாமல் வந்தது. கையெழுத்தும் போட்டாள்.

"நான் எழுதுனது?"

"உள்ள அவரு மேசையில இருக்கு. கேட்டு வாங்கித் தர்றேன்." அவள் கதவு வரை போனதும் கூப்பிட்டான். "அக்கா, அந்தப் பொண்ணோட அப்பா பொழச்சாரா?"

"இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு தம்பி."

"தெரிஞ்சதும் சொல்லுங்க."

"நீங்க படிச்சீங்களே, அதுவே போதும்" என்றாள் மங்களம்.

வெள்ளிக்கிழமை, அடுத்த ஆறு மாதத்துக்கான பெயர்ப்பட்டியலைப் பேக்கிங் கூடத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஆட்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள். கருப்பம்மாள் முதலில் கண்டுபிடித்தாள்.

"இருக்குடி ஒம் பேரு! கையுற காயற ஓவன் பக்கம் தள்ளிட்டானுங்க. சூடு தாங்காது, ரெஸ்ட்டும் பத்தே நிமிஷந்தான். ஆனா பேரு இருக்கு. சாமிக்குச் சூடம் கொளுத்து."

"ஆமாக்கா, பேரு இருக்கு" என்றாள் மங்களம். இரண்டு கைகளையும் ஒரு கணம் கூப்பினாள்.

கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களை அலுவலகத்தில் வீணாக்குவதில்லை, மறுபக்கத்தில் அச்சடிப்பார்கள். உள்ளிருந்து வந்த வெளிச்சத்தில், அச்சடித்த பெயர்களுக்குப் பின்னால் நீல மையில் அவளுடைய எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. அவள் பெயருக்கு நேர் பின்னால், பனியில் நின்ற அப்பாவைப் பற்றிய வரி. மணி அடித்தது. அவள் விலகி உள்ளே போனாள். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து, தங்கள் பெயரைத் தேடி அந்த வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.