காத்தே வராது

கூட்டின் வட்டக் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்திருந்தது. வக்கார் பாய் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "தொடச்சிடாத நவீன், அது அப்டியே இருக்கட்டும்" என்றார். மார்கழிப் பனி உச்சிவெயிலுக்கும் விலகாமல் புளியமரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் என் அக்கா ரேணுகாதேவியின் சிவப்புப் புடவை கரைந்துபோன மாதிரி தெரிந்தது. அவளுக்குப் பிரசவமாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே தாழ் நகரும் சத்தம் வர நேரம் பிடித்தது.

கூடு என்பது வக்கார் பாய் வைத்த பெயர். ஒரு பெரிய கோழிமுட்டையைப் படுக்கவைத்தது போன்ற வெள்ளை ஃபைபர் ஓடு. ஒருவர் காலை மடக்கிப் படுக்கலாம், இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். உள்ளே முழுக்க ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோல். அவர் குடும்பத்துக்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரம் என்பதால் துண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவன், பிள்ளைகளின் கூச்சலும் டிவி சத்தமும் தாங்க முடியாமல் போகும்போது அதற்குள் நுழைந்து உள்தாழ் போட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். அதற்காக அவர் வரைந்தது. பின்பக்கம் அடியில் இரண்டு காற்றோட்டத் துளைகள், உள்ளங்கை அகலத்தில்.

ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியின் நைட் ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்த எனக்கு அவரிடம்தான் வேலை. அவர் யோசித்துச் செய்யும் பொருட்களை மலைக்கு ஏற்ற வேண்டும். மண்சுவருக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் யாரையாவது நிற்கவைக்க வேண்டும். அவர் படமெடுத்து இணையத்தில் போடுவார். பெரிய கம்பெனிக்காரன் எவனாவது பார்த்து யோசனையை வாங்குவான். மலைக்காரர்கள் பக்கத்தில் நின்றால் எந்தப் பொருளும் புதிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. படம் எடுத்ததும் பொருளை அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு இறங்குவோம். உபயோகிக்கும் முறை எழுதிய தாள் எதுவும் கொடுப்பதில்லை. ஒருமுறை கேட்டேன். "இது பொருள் இல்லப்பா, யோசன. யோசனைக்கு யாராவது தாள் அடிப்பாங்களா?" என்றார்.

யோசனைகளை மலை தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. காய்கறி கழுவிச் சுற்றி உதறும் கூடையில் கோழிக்குஞ்சு வளர்த்தார்கள். குனியாமல் தள்ளிப்போக என்று சக்கரம் வைத்த குடம், சரிவில் தானாகப் புறப்பட்டு ஒரு ஆட்டின் காலை ஒடித்தது. ஆட்டுக்காரர் சடையன் அன்றைக்கு வக்கார் பாயைப் பார்த்து, "பாய், அடுத்த தபா பிரேக்கு வெச்சி யோசிங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். பாயும் சிரித்தார்.

கூட்டை ஐப்பசியில் இங்கே ஏற்றி வந்தோம். அக்காவின் மாமியார் செல்லி அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே தலையை விட்டுத் தோலைத் தடவிப் பார்த்தாள். பாய்க்கு ஒரே பெருமை. "உள்ள போய் கதவ மூடுனா காத்தே வராதும்மா" என்றார். அந்த வார்த்தையை அவள் எப்படி வாங்கிக்கொண்டாள் என்று நான் கவனித்திருக்க வேண்டும். படம் எடுத்து முடிந்ததும், எங்கள் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்று பாயிடம் நான்தான் கேட்டு வாங்கினேன்.

காரணம் இருந்தது. அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை உள்ளே படுக்கக் கூடாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். மூன்று பக்கம் தட்டி, நாலாவது பக்கம் கோணிச்சாக்கு. எங்களுக்கு அம்மா இல்லை, அதனால் அக்காவின் முதல் பிரசவமும் இங்கேதான். போன வருஷம் அந்தச் சாய்ப்பில், இதே குளிரில், அந்தக் குழந்தை ஒரு விடியலில் விறைத்துக் கிடந்தது. பெண் குழந்தை. பேர்கூட வைத்திருக்கவில்லை. அப்போது நான் கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். போனை உள்ளே விட மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது மச்சான் சுப்பிரமணியின் எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள். நான் வந்து சேர்ந்தபோது புதைத்து முடித்திருந்தார்கள். இந்த வருஷம் மச்சான் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தான். கூடு மட்டும் வாசலில் வெள்ளையாகக் கிடந்தது.

கதவு திறந்ததும் சாம்பிராணி வாசனையோடு ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"டேய், எப்ப வந்த?"

"இப்பதான். எவ்ளோ நேரம் தட்றது?"

"தூங்கிட்டேன்டா. தூக்கமா வருது. தல கனமா கீது." சிரித்தாள். "புள்ள பெத்த ஒடம்பு அப்டித்தானாம், அத்த சொல்லுச்சு."

நான் குனிந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தீட்டு என்று அத்தை முனகியதைக் காதில் வாங்கவில்லை. பாயின் படத்துக்குக் கதவை மூட வேண்டியிருந்தது. மூடினேன். வெளிச்சத்தம் அறுந்துபோனது. குழந்தை அக்காவின் மடியில் கிடந்தது. கன்னம் இரண்டும் நல்ல ரோஜா நிறம். காலடியில் ஒரு தணல் சட்டி, சாம்பல் பூத்த கரி, மேலே சாம்பிராணி.

"அழறானா?"

"எங்க அழறான்? பொட்டு சத்தம் இல்ல. பால் குடிக்கவே எழுப்பணும்." அவள் தாழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இந்தத் தாப்பாள் எனக்கு எவ்ளோ புடிச்சிருக்குது தெரியுமா? கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து உள்ள போட்டுக்கற மாதிரி ஒரு கதவு எனக்கு இருந்ததில்ல. குளிக்கறதுகூட பொடவய கட்டித்தான். இதுல யாரும் திடீர்னு தலைய உட முடியாது. தீட்டு கழிஞ்சாலும் நான் இதுலதான்டா இருக்கப் போறேன்."

ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. இதமாக இருந்தது. ஆட்டுத்தோல் முதுகுக்கு மெத்தென்றிருந்தது. அக்காவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. நெற்றிப்பொட்டில் ஏதோ தட்ட ஆரம்பித்தது. எனக்கு அது பழக்கமான இடம். நைட் ஷிஃப்டில் விடியலுக்கு முன்னால் ஒரு தூக்கம் வரும். நின்றுகொண்டே வரும். நாம் தூங்குவதில்லை, அதுதான் நம்மை எடுத்துக்கொள்ளும். எனக்குப் பக்கத்தில் நின்றவன் ஒருநாள் அந்தத் தூக்கத்தோடு இயந்திரத்தில் கையை விட்டான். அதற்கப்புறம்தான் நான் வேலையை விட்டேன். ஆனால் நேற்று இரவு நான் நன்றாகத் தூங்கியிருந்தேன். இப்போது எனக்குத் தூக்கம் வரக் காரணமே இல்லை.

வக்கார் பாய் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினார். "நவீன், இந்தப் பக்கம் பாரு!"

கதவை உதைத்துத் திறந்தேன். குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். குளிர் பட்டதும் அது முகத்தைச் சுளித்தது. அழவில்லை. பாதத்தில் சுண்டினேன். இன்னொரு முறை பலமாகச் சுண்டினேன். பிறகுதான் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே உட்காரவைத்தேன். அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

"இன்னா பண்ற நீ?" செல்லி அத்தை ஓடிவந்தாள். "பச்ச ஒடம்பு, காத்துல இழுத்துனு வந்து போட்ற!"

நான் கூட்டின் பின்பக்கம் போனேன். இரண்டு துளைகளும் இல்லை. பழந்துணி திணித்து, அதன் மேல் மண் வைத்து, அதற்கும் மேல் சாணி மெழுகி, விரல் தடம்கூடத் தெரியாமல் வழவழவென்று இழைத்திருந்தது. இந்த ஊரில் அத்தையைத் தவிர யாரும் அவ்வளவு சுத்தமாக மெழுகமாட்டார்கள். கதவு விளிம்பிலும் துணி ஒட்டியிருந்தது.

வக்கார் பாய் பார்த்தார். முகம் வெளுத்தது. "அம்மா, இதுக்குள்ள நெருப்பு வெக்கக் கூடாதும்மா. கரி நெருப்பு ஆள அடிச்சுடும். இந்த ஓட்டைய எதுக்கு அடச்சீங்க?"

"காத்தே வராதுன்னு சொன்னது யாரு பாய்? நீங்கதான? ஆனா வந்துச்சு. ரெண்டு ஓட்டைல வந்துச்சு. நான் அடச்சேன்."

"அது வரணும்மா..."

"போன வருசம் வந்துச்சே." அத்தை குரலை உயர்த்தவில்லை. "சாக்கு சந்துல வந்துச்சு. காலைல போய் தொடறேன், கல்லு மாதிரி கீது. அத கையில தூக்கிப் பாத்தவ நானு. நீங்க படம் எடுத்துனு போய்டுவீங்க. இந்தத் தபா ஊசி மொன அளவு காத்த நான் உள்ள உடமாட்டேன்."

அவளிடம் விஷவாயு என்றேன். வாசனையே இல்லாமல் ஒரு விஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப உனுக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சிச்சு?" என்றாள். வீட்டுக்குள் படுக்க வை என்றேன். சாமி கும்பிடும் வீடு என்றாள். கிளம்பு, கூட்டிப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். போளூரில் எனக்கு இருப்பது ஆறு பையன்கள் தங்கும் ஒரு அறை என்பது அவளுக்குத் தெரியும். "கொஞ்சம் பேசாம இருடா, தல வலிக்குது" என்றாள்.

குச்சியால் சாணியையும் மண்ணையும் பெயர்த்தேன். துணியை உருவி எறிந்தேன். துளை வழியாக உள்ளே தங்கியிருந்த சாம்பிராணிப் புகை மெல்லிய நூல் மாதிரி வெளியே வந்தது. தணல் சட்டியை வாசலில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு பாயிடம் திருப்புளி இருக்கிறதா என்று கேட்டேன். கதவைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது.

அவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஞாயித்துக்கெழம பெங்களூர் ஆளுங்க வந்து பாக்கறாங்க. கதவு இல்லாம இத எப்டி காட்றது? அது வரைக்கும் உடு. அப்பால நானே வண்டி வெச்சு எறக்கிட்றேன், அல்லா மேல ஆண. சொல்லியாச்சுல்ல? அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு."

"புரிஞ்சிருச்சா பாய்?"

அவர் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நீர் கோத்திருக்க, பின்னால் சிவப்புப் புடவை, ரோஜாக் கன்னம். அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. சட்டென்று திரையை அணைத்தார்.

குழந்தை இப்போது அழுதது. நன்றாக, வீறிட்டு. அக்கா தண்ணீர் குடித்துவிட்டுத் தெளிவாகப் பேசினாள். நெருப்பை உள்ளே வாங்காதே என்றேன், தலையாட்டினாள். செல்லி அத்தையிடம் போய், "நெருப்பு வெக்கமாட்டேன்னு கொயந்த மேல சத்தியம் பண்ணுங்க அத்தே" என்றேன். அவள் அழுகிற குழந்தையின் காதைப் புடவையால் மூடியபடி, "பனி எறங்குது, போய்ட்டு வா" என்றாள். சத்தியம் பண்ணவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் பைக்கில் ஏறினேன்.

போளூர் இறக்கத்தின் இரண்டாவது திருப்பத்தில் அந்த வீடு எதிர்ச் சரிவில் முழுசாகத் தெரியும். வக்கார் பாய் நிறுத்தச் சொன்னார். தூரத்திலிருந்து ஒரு படம் வேண்டுமாம். வெயில் மஞ்சளாகியிருந்தது. சாமை அறுத்த காலி நிலத்துக்கு நடுவில் கூடு, இட்டு வைத்த முட்டை மாதிரி. அவர் லென்ஸைத் திருகினார், திருகியவர் அப்படியே நின்றுவிட்டார். கேமராவை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன்.

வாசலில் யாரும் இல்லை. கதவு மூடியிருந்தது. நான் கவிழ்த்து வைத்த இடத்தில் தணல் சட்டி இல்லை. கூட்டின் பின்பக்கத்திலிருந்து செல்லி அத்தை எழுந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. அந்த நூல் மாதிரியான புகையைத் தேடினேன். லென்ஸைத் துடைத்துவிட்டுத் தேடினேன். பின்பக்கம், அடியில், கதவு விளிம்பில், எங்கும் இல்லை. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. பைக்கைத் திருப்பி உதைத்தேன். சத்தம் பள்ளத்தைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அத்தை எங்கள் பக்கம் திரும்பி, நாங்கள் விடைபெறுகிறோம் என்று நினைத்து, அந்தச் சேற்றுக் கையைத் தூக்கி ஆட்டினாள்.