நாலாம் நம்பர் மலைக் கீரை

வல்லாரைக் கட்டுகளை டிக்கோயாவில் ஹவ்வா உம்மாவின் சாப்பாட்டுக் கடையில் கொடுத்துவிட்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய சண்முகவடிவு, பீலியில் கொட்டும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நாலாம் நம்பர் மலைக்கு நேற்றே களை சாகப் புல்லு மருந்து அடித்துவிட்டார்களாமே என்று பக்கத்து வீட்டு சுதர்ஷினி சாதாரணமாகத்தான் கேட்டாள். வடிவு காலையில் கீரை பறித்தது அங்கேதான்.

தேயிலைக்கு நடுவே தானாக முளைப்பதையெல்லாம் தோட்டத்தில் களை என்பார்கள். வடிவுக்கு அதில் பாதி கறி. தண்ணீர் ஓடும் கான் ஓரங்களில் வல்லாரை படரும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெயில் விழுந்த இடத்தில் மணத்தக்காளி எழும்பும். மருந்து பட்டால் இலை உடனே வாடாது, சில நாள் பச்சையாகவே ஏமாற்றும் என்பதும் அவளுக்குத் தெரியும். மருந்தடிக்கும் ஆட்களில் அவள் புருஷன் சின்னராசாவும் ஒருவன். நேற்று அவன் வந்ததும் படுத்துவிட்டான். எந்த மலையில் வேலை என்று இவள் கேட்கவில்லை. இப்போது அழைத்தால் சிக்னல் இல்லை. கடையிலும் யாரும் போனை எடுக்கவில்லை.

ஆட்டோ பிடித்து மறுபடியும் டிக்கோயாவில் இறங்கும்போது, கீரையில் புழு இருந்தது என்று சொல்லித் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். உண்மையைச் சொன்னால் இனி அவள் கையால் யார் கீரை வாங்குவார்கள்? கடைக்குள் நுழைந்தபோது, ஏழு மாத வயிற்றோடு உம்மாவின் மகள் நதா வல்லாரைச் சம்பல் ஒட்டியிருந்த கோப்பையை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். யோசித்து வைத்த பொய் வாயில் வரவில்லை.

"உம்மா, அந்தக் கீரைய யாருக்கும் குடுக்காதீங்க. மருந்தடிச்ச மலையில பறிச்சிட்டேன். தெரியாமதான் பறிச்சேன்."

ஹவ்வா உம்மா உடனே முன்மேசையிலிருந்த சம்பலை அப்படியே குப்பை வாளியில் கொட்டினார். மருமகன் அப்ராஸை ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொன்னார். நதா வயிற்றைப் பிடித்தபடி எழுந்தாள். வடிவு அவள் செருப்பை எடுத்துப் போடக் குனிந்தபோது போன் அடித்தது.

"நாலாம் நம்பர் மலையா? அங்க அடிக்கவே இல்ல, புள்ள," என்றான் சின்னராசா. "டேங்க்க முதுகுல மாட்டும்போதே மழ புடிச்சிருச்சு. மருந்த அப்படியே ஸ்டோருக்குத் திருப்பிக் கொண்டுவந்துட்டோம்."

எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொல்ல வைத்தாள். பிறகு அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் டொக்டரிடம் காட்டிவிடுவோம் என்று அப்ராஸ் நதாவைக் கூட்டிப்போனான். பயப்பட ஒன்றுமில்லையாம் என்று திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கும்போதே நதா சொன்னாள். பசிக்கிறது என்றும் சொன்னாள்.

உம்மா பிளேன்டீ கொண்டுவந்து வடிவின் கையில் கொடுத்தார்.

"மறைக்காம வந்து சொன்னீங்களே, அது போதும் மகள். இனி மலையில பறிக்க வாணாம். எங்க பின்வளவுல ஈரமான எடம் கெடக்கு, அதுல நட்டுத் தாங்க. பறிச்சுத் தாறதுக்கும் நீங்கதான் வரணும்."

பிரிக்காத கட்டு ஒன்று மிச்சமிருந்தது. பின்வளவில், தண்ணீர்த் தாங்கி கசிந்து மண் கறுத்திருந்த மூலையில் வடிவு குந்தினாள். கணுவில் வேர் தொங்கிய கொடிகளாகப் பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி ஊன்றினாள். பின்வாசற்படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த நதா, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று இடது கையால் இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.