பெட்டியின் பின்னால் மழைக்கால ரகசியம்

கம்ப்யூட்டரில் அவள் வரையும் வீட்டு வரைபடம் மாலைக்குள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்கு முதல் வேலை கிடைக்கும். கம்ப்யூட்டரோ வேலை சூடுபிடிக்கும்போதெல்லாம் பட்டென்று அணைந்து உயிரை வாங்கியது. வைரஸ் தேடினாள், மெமரியைக் கழற்றி மாட்டினாள்; ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பினாள். காற்று வெளியேறும் துளைகளை அடைத்தபடி கணவரின் சாக்ஸ் தொங்கியது.

"என்னங்க இது?"

"மழையில துணி எங்க காயுது? இங்க சூடா காத்து வருது, வீணாப் போகுதேன்னுதான்..."

"உங்க சாக்ஸ் நாத்தத்துக்கு மனுஷனே மயங்கி விழுவான், மெஷின் எம்மாத்திரம்?"

சிரித்துக்கொண்டே சாக்ஸை உருவி அவர் மடியில் எறிந்தாள். அதன்பின் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. இருட்டுவதற்குள் வரைபடம் போயிற்று; வேலை அவளுக்கே என்று பதிலும் வந்தது.

"பாதிச் சம்பளம் எனக்கு" என்றார் அவர்.

"எதுக்கு?"

"கோளாறக் கண்டுபிடிக்க வச்சதே நான்தானே."