எட்டு விநாடிக்கு ஒரு காய்

1

"ஏட்டி, ஒத்துக்கோ. ஒரு பட்டனைத் தட்டுனா—"

"செய்யாததை எதுக்கு—"

"—புதுக் கணக்கு தாரேங்கான்லா—"

"—ஒத்துக்கணும்?"

இந்தக் கதை எனக்குப் பாதிச் சண்டையில்தான் கிடைத்தது. ஐந்தருவிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்க நின்றேன். கடைக்காரி மங்களேஸ்வரி, எதிர்க்குரல் அவள் கணவர் வல்லிநாயகம். பஜ்ஜியைக் காசு கொடுத்து வாங்கினேன், சண்டையைத் திருடினேன். பெயர்கள் மட்டும், பின்னால் வரும் ரஷ்யக்காரர் பெயர் உட்பட, நான் வைத்தவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ரஷ்யாவில் பனி பெய்துகொண்டிருந்தபோது, குற்றாலத்தில் சாரல்...'

(அடித்துவிட்டேன். அன்று அங்கே பனி பெய்ததா என்று எனக்கெப்படித் தெரியும்?)

நடந்ததைச் சொல்கிறேன். லெவ் ஒகுலோவ் ரஷ்ய செஸ் கிராண்ட்மாஸ்டர். வாங்கிய பட்டங்களைவிட அவர் சிரிப்புக்குத்தான் இணையத்தில் பேர். நாற்பது லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். ஞாயிறுதோறும் ரசிகர்களோடு நேரலையில் ஐந்து நிமிட ஆட்டம். போன ஞாயிறு அந்த வாய்ப்பு மங்களேஸ்வரிக்கு. முப்பத்தோராவது நகர்த்தலில் ஒகுலோவின் ராஜாவுக்குப் போக்கிடமில்லை; செக்மேட்.

ஒகுலோவ் சிரித்தார். "ஒவ்வொரு காய்க்கும் சரியாக எட்டு விநாடி. மனிதர் இப்படி ஆடுவதில்லை. கணினி சொல்லிக் கொடுத்திருக்கிறது."

அவ்வளவுதான். ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் புகார் தட்டினார்கள். மறுநாளே அந்த செஸ் தளத்தில் அவள் கணக்கு முடங்கியது, ஒன்பது வருட ஆட்டங்களோடு. ஏமாற்றியதாக ஒத்துக்கொண்டால் புதுக் கணக்கு உண்டாம்.

எட்டு விநாடி எப்படி வந்தது? சட்டி நிறையப் பஜ்ஜி. வலக்கையால் ஒன்றைப் புரட்டுவாள், இடக்கைச் சுண்டுவிரலால் போனில் ஒரு காயை நகர்த்துவாள். அடுத்த பஜ்ஜி, அடுத்த காய்.

(எப்போது யோசித்தாள் என்கிறீர்களா? தாளித்துக்கொண்டே நீங்கள் சண்டை போட்டதில்லையா?)

3

முடிவு ஒன்று: ஒகுலோவ் குற்றாலம் வந்து, அருவியில் குளித்து, பஜ்ஜி தின்று, மன்னிப்புக்...

வேண்டாம். அவர் வந்து தின்றால்தான் அவள் ஆடியது ஆட்டமாகுமா?

முடிவு இரண்டு: அவள் அந்தப் பட்டனைத் தட்டிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். நாலு வரிக்குமேல் மங்களேஸ்வரி என்னோடு பேசவே இல்லை. கிழித்துவிட்டேன்.

ஆகவே திரும்பவும் கடைக்கே போவோம். கடைசிப் பதிலை நான் எழுதப்போவதில்லை. வல்லிநாயகத்தைப் போல ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

4

"நாப்பது லட்சம் பேரு அவனை நம்புதாவ. ஒன்னை யாரு நம்புதா?"

"நீங்க நம்புதீயளா?"

"எனக்குத் தெரியாதாட்டி? பக்கத்துலதான மாவு கரைச்சுட்டு நின்னேன்."

"அப்ப நீங்கதான் சாட்சி."

"நல்லாருக்கே. நாளைக்கு என்னையும் சேத்துல்லா ஏசுவானுவ. கடைப் பேரு நாறிரும்."

"நாறட்டும்."

கரண்டியைச் சட்டிமேல் குறுக்கே வைத்தாள். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள். போனை எடுத்து, கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். சட்டியில் பஜ்ஜி ஒரு பக்கம் கருகத் தொடங்கியது.

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்ட்டி..."

"என்னைப் பாத்துச் சொல்லாதீங்க. போனைப் பாத்துச் சொல்லுங்க."